மூன்றரை மணிக்கு முன்

கடலை நம்பிப் பிழைப்பவருக்கும் சரி, பங்குச் சந்தையில் பணம் போடுபவருக்கும் சரி, நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. தெரியாத அந்த நாளைக்காக இன்றே என்ன செய்து வைக்கிறோம் என்பதில்தான் அறிவாளியும் அறிவிலியும் பிரிகிறார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால் தேர்வு முடிந்ததும் மறந்திருப்பேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் நடுவே, என் தந்தையிடம் கற்றதால் மறக்க முடியவில்லை. அந்த அனுபவத்தை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அப்போது நான் முதலாமாண்டு வணிகவியல் மாணவன். திருவொற்றியூரில் கடற்கரைக் குப்பம் ஒன்றில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகில் பாதிப் பங்கு உண்டு. படகின் இன்ஜினைப் பழுது பார்ப்பதற்காக அம்மா சீட்டு எடுத்த ரூ. 20,000 என் வங்கிக் கணக்கில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே சந்தை ஏறுமுகம். அன்று நிஃப்டி 20,267.90 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது. நம் வட்டாரத்தில் ஆலை உள்ள ஒரு கம்பெனியின் பங்கை, இருந்த பணம் முழுவதையும் போட்டு வாங்கினேன். தினமும் அதன் மதிலைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்கு வருகிறேனே, எனக்குத் தெரிந்த கம்பெனிதானே என்ற அசட்டுத் துணிச்சல்! மாலைக்குள் விற்று ஐந்நூறு ரூபாய் லாபம் பார்த்துவிட்டு, அம்மாவின் பணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவதாகத் திட்டம். சந்தை ஏறியது; என் பங்கு மட்டும் இறங்கியது. மூன்று மணிக்கு ரூ. 600 நட்டம். விற்றால் நட்டம் உண்மையாகிவிடும், விற்காவிட்டால் அது வெறும் எண்தானே என்று மனம் வழக்காடியது. வழக்கு முடிவதற்குள் மூன்றரை மணி அடித்துவிட்டது. சந்தை மூடியது. திங்கட்கிழமைக்கு என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. ஏறிவிடும் என்ற ஆசை மட்டுமே இருந்தது.

அதே மாலையில் அப்பா என்ன செய்தார்? வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக மாறும் என்று வானிலை மையம் சொல்லியிருந்தது. கூட்டாளிகளோடு சேர்ந்து படகை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்தார். இரண்டு கயிறு போதும் என்றவர்களிடம் நான்காகக் கட்டச் சொன்னார். இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நடையில் தார்ப்பாய் போட்டு மூடினார். வலைகளும் வீட்டுக்குள் வந்தன. பிறகு குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுவதும் நான் கைப்பேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூடிய சந்தையில் விலை மாறாது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். ஞாயிறு இரவு மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆலை நீரில் மூழ்குவதாகவே கண்முன் காட்சி! எழுந்து நடைக்கு வந்தால் தார்ப்பாய்க்குள் இன்ஜின். அதைப் பார்க்கக் கூசியது. பக்கத்தில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் காலடி ஓசையில் விழித்தார்.

“இன்னாடா, தூங்கல?”

“இந்தக் காத்துல உனக்கு எப்படிப்பா தூக்கம் வருது?”

“கட்ட வேண்டியதெல்லாம் வெள்ளிக்கெழமயே கட்டிட்டேன். இப்போ நான் முழிச்சினு இருந்தா அலை கொறஞ்சிடுமா? போய்ப் படு.”

நான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நான்தான் எதையுமே கட்டவில்லையே!

திங்கட்கிழமை, டிசம்பர் 4. சென்னை நகரமே வெள்ளத்தில் நின்றது. எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை, கைப்பேசியில் உயிர் இல்லை. அதே நாளில் சென்செக்ஸ் 1,383.93 புள்ளிகள் ஏறியிருக்கிறது. ஞாயிறன்று வெளியான வட மாநிலத் தேர்தல் முடிவுகள் காரணம். என் பங்கும் அன்று காலை நான் வாங்கிய விலைக்கு மேலே போயிருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது புதன்கிழமை மாலையில். அதற்குள் மறுபடியும் இறங்கிவிட்டது. வியாழன் காலை விற்றேன். நட்டம் ரூ. 1,500.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. “அது இன்ஜின் காசுடா” என்று மட்டும் சொன்னார். குறைந்த தொகையை அப்பா ஏலக்காரரிடம் கடனாக வாங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கண்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கெழுதி அந்தக் கடனை அடைத்தேன். சந்தையில் போனதைச் சந்தையிலேயே எடுக்கிறேன் என்று புறப்படாததுதான் அந்த மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். வெள்ளி மாலை 3.30 மணி முதல் திங்கள் காலை 9.15 மணி வரை 65 மணி 45 நிமிடம். இந்த நேரத்தில் நம்மால் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. உலகமோ நிற்பதில்லை. 2009 மே 16, சனிக்கிழமை மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. திங்களன்று சென்செக்ஸ் 2,110.79 புள்ளிகள் ஏறி, உச்ச வரம்பைத் தொட்டு, அன்றைய வணிகமே நின்றுபோனது. 2020 மார்ச் 20, வெள்ளியன்று சந்தை 1,600 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. கொரோனா வந்துவிட்ட காலமாயினும் பலருக்கும் நம்பிக்கை பிறந்தது. இடையில் மக்கள் ஊரடங்கு ஞாயிறு, திங்களன்று 3,934.72 புள்ளிகள் வீழ்ச்சி! 2024 ஜூன் 1, சனிக்கிழமை வெளியான கருத்துக்கணிப்புகளை நம்பித் திங்களன்று 2,507 புள்ளிகள் ஏறிய சந்தை, செவ்வாயன்று உண்மையான முடிவு வந்ததும் 4,389 புள்ளிகள் இறங்கியது. வெள்ளிக்கிழமை முகத்தைப் பார்த்துத் திங்கட்கிழமை மனத்தை அறிய முடியாது என்பதற்கு இவை போதாவா?

‘ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது பாதி உண்மை. ரூ. 100-க்கு வாங்கிய பங்கை ரூ. 95 ஆனால் விற்றுவிடு என்று ஆணை கொடுத்திருக்கிறோம். திங்களன்று அந்தப் பங்கு ரூ. 88-இல் திறந்தால், நடுவில் 95 என்ற படியே இல்லை. கிடைக்கிற விலைக்கு விற்கச் சொல்லியிருந்தால் 88-ஐ ஒட்டி விற்கும். 95-க்குக் கீழே விற்காதே என்று வரம்பு கட்டியிருந்தால் விற்கவே விற்காது. ஆக, வார விடுமுறையில் நம்மைக் காப்பது ஆணையன்று, அளவே. மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தது இதற்கும் பொருந்தும். ஒரு வாரக் கடைசியில் ரூ. 500 போனால் எனக்குத் தாங்கும், பங்கு பத்து விழுக்காடு சரிந்து திறக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால், நான் கையில் வைத்திருக்க வேண்டியது ரூ. 5,000 மட்டுமே. இருபதாயிரம் அன்று!

மனத்தைப் பற்றியும் ஒரு சொல். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது என்பது டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இரு உளவியலறிஞர்களின் ஆய்வுகள் காட்டிய உண்மை. அதனால்தான் மூன்று மணிக்கு என் விரல் விற்க மறுத்தது. அந்தக் காலத்தில் பாரிமுனை அருகே செகண்ட் லைன் பீச்சில் சென்னைப் பங்குச் சந்தை நடந்தது. 2015-இல் அது மூடப்பட்டது. அன்று கட்டடத்தின் கதவைச் சாத்தினால் சந்தை அங்கேயே தங்கிவிடும். இன்று நாம் அதைச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். சாத்த வேண்டிய கதவு நம்மிடம்தான் இருக்கிறது.

அந்தப் புயலுக்குப் பின் நான் வகுத்துக்கொண்ட விதிகள் நான்கு:

1. வெள்ளி மதியம் 2.30 மணிக்கு என்னையே கேட்பேன்: ‘இது கையில் இல்லாதிருந்தால், இன்று இந்த விலைக்கு வாங்குவேனா?’ இல்லை என்றால் விற்றுவிடுவேன்.

2. வைத்துக்கொள்வது என்றால், தூக்கம் கெடாத அளவுக்குக் குறைத்துக்கொள்வேன்.

3. திங்களன்று எந்த விலைக்கு ஏறினால் விற்பேன், எந்த விலைக்கு இறங்கினால் விற்பேன் என்று இரண்டையும் நோட்டில் எழுதிவிடுவேன். எழுதியபின் கைப்பேசியில் சந்தையைத் திறக்க மாட்டேன்.

4. வேறொரு வேலைக்கென்று வைத்த பணம் சந்தைக்குப் போகாது.

இவ்விதிகளுக்கு ஒரு சோதனையும் வந்தது. 2025 மே 9, வெள்ளிக்கிழமை. எல்லையில் மோதல் நடந்துகொண்டிருந்தது. சென்செக்ஸ் 880 புள்ளிகள் இறங்கி முடிந்தது. என்னிடம் என் சொந்தக் கூலியில் வாங்கிய சில பங்குகள். பாதியை விற்றேன், பாதியை வைத்துக்கொண்டேன், விலைகளை எழுதி வைத்தேன். சனி மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. திங்களன்று சென்செக்ஸ் 2,975 புள்ளிகள் ஏறியது. விற்ற பாதியின் லாபம் எனக்குக் கிடைக்கவில்லை. நண்பர்கள் ‘அவசரப்பட்டாயே’ என்று இரங்கினார்கள். எனக்கு வருத்தம் இல்லை. புயல் வராமல் போன நாளில், கட்டிய கயிறு வீண் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவிழ்த்துச் சுருட்டி, அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்.

நண்பர்களே! நம்மில் பலர் இன்று கைப்பேசியில் பங்கு வாங்குகிறோம். வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு முன் கட்ட வேண்டியதைக் கட்டிவிடுங்கள். அதன்பின் வருவது வரட்டும். நாம் நிம்மதியாக உறங்கலாம்.