மே மாதத்தில் செத்த பேட்டரி

மார்கழி பிறந்தால் பாரிவாக்கத்தில் என் பைக் மெக்கானிக் கடை ஷட்டரை விடிவதற்குள் தட்டுவார்கள். "நேத்து ராத்திரிகூட நல்லா ஓடுச்சுண்ணே. காலையில செல்ஃப் எடுக்கல. பனி!"

பனியாவது ஒன்றாவது! நம் பக்கம் மார்கழியிலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். எஞ்சின் ஆயில் கொஞ்சம் கெட்டியாகும், பேட்டரிக்குள் ரசாயன வேலை கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். நல்ல பேட்டரி அதைச் சட்டை செய்யாது. கொன்றது மே மாத வெயில். ஈய பேட்டரிக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது தொழிலில் ஒரு கணக்கு. கோடை முழுக்க உள்ளே தகடு அரிக்கிறது; எஞ்சின் லேசாகச் சுற்றுவதால் யாருக்கும் தெரிவதில்லை. மார்கழியில்தான் சாவுச் செய்தி வருகிறது.

மீட்டர் வைத்தால் 12.4 காட்டும். வண்டிக்காரர் முகம் மலரும். சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான். "இப்ப செல்ஃபை அழுத்துங்க" என்பேன். எண் எட்டுக்கு விழும். ரிலே மட்டும் டிக் டிக்கென்று துடிக்கும்.

கிக்கர் உள்ள கார்புரேட்டர் வண்டி என்றால் கவலையில்லை. சாவி போடாமல் மூன்று தரம் மெதுவாக மிதித்து ஆயிலை இளக்க வேண்டும். பிறகு சாவி, சோக், முழு மிதி. ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. முறுக்கினால் சோக் போட்டதே வீண். பழைய டிவிஎஸ் எக்ஸெல்லுக்குப் பேட்டரிக் கவலையே கிடையாது, ஸ்பார்க்குக்கு மேக்னெட்டோவே போதும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் கதை மாறிவிட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. கியர் வண்டி என்றால், பம்ப் சுற்றுமளவு உயிர் மிச்சமிருந்தால், இரண்டாவது கியரில் தள்ளிக் கிளட்சை விடலாம். கியரில்லாத ஸ்கூட்டரை எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் எஞ்சினைச் சுற்றாது. ஆவடி வரை தள்ளலாம், உடம்புக்கு நல்லது.

இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுக்கலாம். ஒருமுறை அரையிருட்டில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தேன். ஃபியூஸோடு ரெகுலேட்டரும் போனது. என் காசில் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் வயரைத் தொடுவது.

எனக்குப் பிடித்த வேலை, பேட்டரி தளர்ந்த பழைய புல்லட்டைக் கிளப்புவது. திருவொற்றியூரில் செய்தது; பேட்டரிக் கரண்டை பாயின்ட் மூடித் திறந்து ஸ்பார்க் தரும் வண்டி. ஹெட்லைட் தலையில் ஆம்மீட்டர் முள் இருக்கும். சாவி போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, அழுத்தம் விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சி தாண்டி ஒரு நூலளவு நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட வேண்டும். பாயின்ட் மூடிய நிலையில் சாவியோடு யோசித்து நின்றால் இருக்கிற கரண்டும் வடிந்துவிடும்.

பிறகு ஒரே மிதி. பாதி மிதி மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பதம் பார்க்கும். சரியாக விழுந்தால் தட்... தட்... தட். எதிர் டீக்கடையில் நாலு தலை திரும்பும்.