கட்டையின் அளவு

'துப்பாக்கி' என்பது துருக்கிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்து குடியேறிய சொல். அரபியில் அதற்குப் 'புந்துகிய்யா' என்று பெயர். 'புந்துக்' முதலில் ஒருவகைக் கொட்டையைக் குறித்தது. பிறகு அக்கொட்டையின் அளவில் உருட்டி எறியப்பட்ட களிமண் உருண்டையைக் குறித்தது. வெடிமருந்தின் காலம் வந்ததும் கருவிக்கே பெயராயிற்று. இச்சொல் வரலாற்றை மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் சொல்லிவந்த நமக்கு, அக்கருவியை அருகில் கண்டு ஆராயும் வாய்ப்பு அமெரிக்காவில்தான் கிட்டியது. சென்ற ஆண்டு, மிச்சிகன் மாநிலத்தில் நம் மூத்த மகனின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அண்டை வீட்டு முதியவர் ஓய்வுபெற்ற தச்சர். தம் பட்டறையில் அவர் ஒரு பம்ப் துப்பாக்கிக்குப் புதிய மரக்கட்டை பொருத்திக்கொண்டிருந்தார். மகன் மொழிபெயர்த்துச் சொல்ல, நாம் பல மாலைகள் அங்கே அமர்ந்து கவனித்தோம்.

பம்ப் துப்பாக்கி அந்நாட்டாரின் வேட்டைக் கருவி. குழலின் கீழுள்ள முன்பிடியைப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1897ஆம் ஆண்டு வின்செஸ்டர் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. 1950இல் வெளிவந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. முதியவரின் கையில் இருந்தது அந்த 870தான். அவருடைய தந்தை வாங்கியது. இனி அவருடைய மகள் வாத்து வேட்டைக்கு எடுத்துச் செல்லவிருப்பது. தந்தையோ நெடிய மனிதர், பேத்தியோ குள்ளமானவர். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 14 அங்குலம் இருந்தது. அவருக்கு வேண்டியதோ 13 அங்குலம்.

"ஓர் அங்குலத்தை அறுத்துவிட்டால் தீர்ந்ததே!" என்றோம்.

"அறுத்ததை மீண்டும் ஒட்ட முடியாது. இதில் என் தந்தையின் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கிறது" என்றார் அவர். பழைய கட்டையைத் துணியில் சுற்றி அமானிதம்போல் பெட்டியில் வைத்துவிட்டு, கறுப்பு அக்ரூட் மரத்தில் புதிய கட்டை செய்யத் தொடங்கினார். பெயரில் கொட்டையைச் சுமந்த கருவி உடலிலும் கொட்டை மரத்தையே சுமப்பதை எண்ணி நாம் புன்னகைத்தோம்.

வேலை எளிதன்று. முதலில் தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டார். பின்முனை மூடியைக் கழற்றி, நீண்ட திருப்புளியால் உள்ளிருக்கும் திருகாணியைத் தளர்த்த, பழைய கட்டை கையோடு வந்தது. எஃகுப் பெட்டியின் பின்முகத்தில் எண்ணெயில் குழைத்த விளக்குக் கரியைப் பூசி, புதிய மரத்தை அதன்மேல் அழுத்தினார். கரி ஒட்டிய இடமே மரம் முட்டும் இடம். அதை மட்டும் உளியால் சுரண்டினார். மீண்டும் பூச்சு, மீண்டும் அழுத்தம், மீண்டும் சுரண்டல். கரி எங்கும் ஒரே சீராகப் படியும்வரை இப்படியே நடந்தது. ஒரு மூலையில் மட்டும் மரம் முட்டினால், வெடிக்கும்போது எழும் உதைப்பு முழுவதும் அங்கே விழுந்து மரம் பிளந்துவிடும். கட்டையின் கழுத்தில் மரத்தின் வரி நீளவாக்கில் ஓடவேண்டுமென்பதும் அதற்காகவே. பிறகு உப்புத்தாளால் இழைத்து, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நார்களை மீண்டும் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றினார். ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருந்தார்.

நெகிழிக் கட்டை மழையில் உப்பாது, விலையும் குறைவு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். நமக்கோ வேறோர் ஐயம். உண்பதற்காக வேட்டையாடலாம், விளையாட்டுக்காக உயிரைப் போக்கலாகாது என்று ஃபிக்ஹு நூல்களில் பாடம் நடத்தியவர் நாம். உயிர் பறிக்கும் கருவிக்கு இத்தனை அழகு எதற்கு? இது வீண் அலங்காரமன்றோ? கேட்டேவிட்டோம்.

அவர் சினம் கொள்ளவில்லை. மகளை அழைத்து, கண்களை மூடியவாறே வெற்றுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொன்னார். கண் திறந்தபோது அவர் பார்வை குழலின் மேல் நேராக ஓடிற்று. பறவை வேட்டைத் துப்பாக்கிக்குப் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. அக்கண்ணை உரிய இடத்தில் நிறுத்துவது கன்னம் பதியும் கட்டைதான். கட்டை தாழ்ந்தால் குறி தாழும். உயர்ந்தால் குறி உயரும். "பொருந்தாத கட்டை பறவையைக் கொல்வதில்லை, காயப்படுத்துகிறது. காயப்பட்டது நாணலுக்குள் ஒளிந்து நாட்கணக்கில் சாகும். மரத்தின் நிறம் எனக்காக, அளவு பறவைக்காக" என்றார். நம் ஐயத்துக்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டியிருக்கவில்லை.

இறுதியில் குழலின் கீழுள்ள தோட்டாக் குழாயைத் திறந்து, உள்ளே ஒரு மரக்குச்சியைச் செருகினார். ஐந்து தோட்டா ஏற்கும் துப்பாக்கி அக்குச்சியால் மூன்றோடு நின்றுவிடும். வலசைப் பறவைகளை வேட்டையாடுவோர் மூன்றுக்கு மேல் ஏற்றலாகாதென்பது 1935 முதல் அந்நாட்டின் சட்டம்.

அக்ரூட் கட்டையைக் காண்போர் எல்லாரும் மெச்சுவர். குழாய்க்குள் கிடக்கும் குச்சியை எவரும் காணார். முன்னது மனிதனின் உடலுக்கு எடுத்த அளவு; பின்னது அவனுடைய ஆசைக்கு எடுத்த அளவு. கருவி எதுவாயினும் அதைச் செம்மை செய்ய முனைவோர் இவ்விரண்டு அளவுகளையும் எடுத்தல் வேண்டும்.