பழைய லென்ஸும் பாடபேதமும்

ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களைப் பாடம் சொல்கிறவர்களை ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்துகொண்டே இருக்கும். மூலத்தைப் பயன்படுத்துவது எந்த இடத்தில் முடிகிறது, அதைச் சிதைப்பது எந்த இடத்தில் தொடங்குகிறது? இக்கேள்வி ஒரு சினிமா லென்ஸின் உருவில் எங்கள் முன் வந்து நிற்கும் என்று நாங்கள் எண்ணியதில்லை.

சாந்தோம், மயிலாப்பூர்ப் பக்கங்களில் வசிக்கும் நாங்கள் நால்வர். ஞாயிறு விடியலில் கேமராவோடு கடற்கரைக்குப் போவது வழக்கம். கோடம்பாக்கத்தில் நெடுங்காலம் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்கு அறிமுகமானார். படச்சுருளின் காலம் முடிந்து, அவர் வேலை பார்த்த வாடகை நிறுவனம் மூடப்பட்டபோது, சம்பள பாக்கிக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தவை இரண்டு பெட்டிகள். அவற்றுள் ஒன்றில் இருந்தது கூக் ஸ்பீட் பாங்க்ரோ 50 மி.மீ. லென்ஸ். ஆரிஃப்ளெக்ஸ் கேமராவில் பொருந்தும்படி செய்யப்பட்டது. "இதுல இன்னும் படம் வருமா, பாத்துச் சொல்லுங்க சார்" என்று கொடுத்தார். விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

இந்த லென்ஸின் வரலாறு பேசும்படத்தின் வரலாற்றோடு பிணைந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனத்துக்காக ஹொரேஸ் லீ என்பவர் 1920-இல் வடிவமைத்த 'ஓப்பிக்' லென்ஸின் வழித்தோன்றல் இது. படம் பேசத் தொடங்கியதும், இரைச்சலிடும் வில்விளக்குகளை ஒலிப்பதிவுக் கருவி ஏற்கவில்லை. ஓசையற்ற இழைவிளக்குகளின் ஒளியோ குறைவு. குறைந்த ஒளியிலும் படம் பிடிக்க எஃப் 2 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் தேவைப்பட்டது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியான 1931-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் நிகழ்ந்த மாற்றம் இது. பின்னர் கோடம்பாக்கமும் வடபழனியும் படப்பிடிப்பு நிலையங்களால் நிறைந்தன. 'மாயாபஜார்' (1957) படத்தின் நிலவொளிக் காட்சிகளால் மார்க்கஸ் பார்ட்லி பெயர் பெற்றார். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளையின் மென்மையை நாம் கலைஞரின் மேதைமை என்று மட்டுமே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் கண்ணாடிக்கும் ஒரு பங்கு உண்டு.

பெரியவரின் லென்ஸைப் பொருத்திப் பார்க்க முனைந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே மாறாத தூரம் ஒன்று உண்டு. ஆரிஃப்ளெக்ஸில் அது 52 மி.மீ. எங்களுள் ஒருவரிடம் இருந்த நிக்கான் கேமராவில் 46.5 மி.மீ. கணக்குப்படி ஐந்தரை மி.மீ. மிச்சமிருக்கிறது, ஓர் இடைவளையம் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் ஆரிஃப்ளெக்ஸ் லென்ஸின் பின்குழல் கேமராவுக்குள் நெடுந்தூரம் நுழைந்து அமர்வது. நிக்கானுக்குள்ளோ மேலெழும் கண்ணாடி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

கேமரா பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் எளிய வழி சொன்னார். பின்குழலை அறுத்துத் தேய்த்துவிட்டு, நிக்கானுக்குரிய வளையத்தைத் திருகிவிடலாம். ஒரு நாள் வேலை. பெரியவரிடம் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "தேய்க்கிறதுன்னா தேய்ங்க சார். ஆனா அப்புறம் அது எந்த ஆரியிலயும் உக்காராது" என்றார்.

எங்களுக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய அவர், பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடத்தை நிறுவினார். வேறுபட்ட பாடங்களையும் குறித்து வைக்கும் நெறியை வளர்த்தார். சுவடியில் ஓர் எழுத்தையும் சுரண்டித் திருத்தவில்லை. அவர் பெயரில் 1943-இல் தொடங்கப்பட்ட நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. அவர் தொட்ட ஏடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம். பதிப்பு பிழையென்று பின்னால் வருகிறவன் கருதினால், திரும்பிச் சென்று சேர ஏடு இருக்கிறது. இடைவளையம் உரையைப் போன்றது, வேண்டாதபோது கழற்றிவிடலாம். அறுத்துத் தேய்ப்பது இடைச்செருகலைப் போன்றது. கலந்த பின் பிரித்தெடுக்க முடியாது.

வழி வேறு திசையிலிருந்து கிடைத்தது. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தது முதல், உட்கண்ணாடியே இல்லாத கேமராக்கள் பெருகிவிட்டன. சோனியின் இவ்வகைக் கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. 52-இலிருந்து 18 போக 34 மி.மீ. நீளமுள்ள குழல் ஒன்று போதும். லென்ஸில் ஒரு கீறல்கூட விழாது. குழலின் நீளம் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். சற்றே நீண்டுவிட்டாலும் தொலைவில் உள்ள தேவாலயக் கோபுரம் கூர்மையாக விழாது. கடைசல் வேலையில் அதைச் சரிசெய்யவே மூன்று வாரங்கள் ஆயின.

படத்தின் பரப்பும் ஒரு கேள்விதான். அன்றைய சினிமாச் சட்டகம் ஏறத்தாழ 22க்கு 16 மி.மீ.; மூலைவிட்டம் 27. 36க்கு 24 மி.மீ. உணரியில் இந்த லென்ஸைப் பொருத்தினால் மூலைகள் இருண்டு போகலாம். அதனினும் சிறிய ஏபிஎஸ்-சி உணரியின் மூலைவிட்டம் 28 அளவில் இருப்பதால், எங்கள் படங்களின் ஓரத்தில் மெல்லிய நிழல் மட்டுமே விழுந்தது.

பட்டினப்பாக்கம் கரையில், எதிர்வெயிலில் வலை உதறும் மீனவர்களை எடுத்தோம். கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை. அதன்மேல் ஒளி புகையாகப் படர்ந்திருந்தது. காரணம் இயற்பியலில் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஓப்பிக் வழிவந்த அமைப்பில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சே இல்லையென்றால் கால் பங்குக்கு மேல் ஒளி குறையும். திரும்பிய ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து நிழலின்மேல் படியும். அக்காலத்து ஒற்றைப் பூச்சு இதைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. இன்றைய பல்லடுக்குப் பூச்சு இதைக் குறையென்று கண்டு பெரும்பாலும் நீக்கிவிட்டது. விந்தை என்னவென்றால், அந்தப் பழைய தோற்றத்தை மீண்டும் தருவதற்காகவே கூக் நிறுவனம் 2010களில் புதிய பாங்க்ரோ வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது.

தானியங்கிக் குவியம் இதில் கிடையாது. அடியிலும் அங்குலத்திலும் பொறித்த எண்களைப் பார்த்து வளையத்தைத் திருப்ப வேண்டும். பெரியவர் ஒருநாள் எங்களோடு வந்தார். வியூஃபைண்டரில் கண் வைக்காமலே, படகைப் பார்த்து "பதினாலடி" என்றார். நாடா பிடித்து அளந்தோம். பதினான்கு அடி, இரண்டு அங்குலம். ஐம்பதாண்டுக் காலக் கைப்பழக்கம் அது. அதை எந்தக் குழல் கொண்டும் இன்னொரு கேமராவுக்கு மாற்றிவிட முடியாது.

அவர் இப்போதைக்கு விற்பதாக இல்லை. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது 34 மி.மீ. குழலையும் சிலிக்கா ஜெல் பையையும் ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தோம். முன்கண்ணாடியின் விளிம்பில் பூஞ்சை எவ்வளவு, பித்தளையில் உப்புக்காற்று அரித்த இடங்கள் எவை, நாங்கள் தொட்டது எது, தொடாதது எது என்று அத்தாளில் எழுதியிருந்தோம். வாசகர்கள் வீட்டில் இத்தகைய பெட்டி ஏதேனும் இருக்குமானால், அரத்தை எடுக்குமுன் அந்த 52-ஐ ஒருமுறை அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.