யார் வீட்டுச் சேலை?

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஏழ்மைக்கு மானத்தைக் கற்பித்த சொல் அது. ஆனால் கசக்கினால் கையோடு வந்துவிடும் அளவுக்கு நைந்துபோன துணியை என்ன செய்வது? பழமொழி அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. நம் பாட்டிமார் நிற்கவில்லை. நைந்த சேலைகளை மூன்றாகவும் நான்காகவும் அடுக்கினர். கிழிந்த இடத்தில் வேறொரு துண்டை வைத்தனர். பெரிய ஊசியில் இரட்டை நூல் கோத்து ஓட்டுத் தையல் போட்டனர். படுக்கவும் போர்த்தவும் உதவும் கெட்டித் துணி ஒன்று உருவாயிற்று. பிள்ளை பெற்றவளின் பாயிலும் பச்சிளங் குழந்தையின் தூளியிலும் அதுவே கிடந்தது. வங்காளத்தார் 'காந்தா' என்று போற்றும் தையற்கலையும் நம் 'கந்தை'யும் சொல்லளவில் உறவினரே. அவர்கள் அதனைக் கலை என்றனர். நாம் கந்தை என்று சொல்லி மூலையில் போட்டுவிட்டோம்.

நாம் பணிபுரியும் திருச்செங்கோட்டு வட்டாரம் துணிக்குப் பஞ்சமில்லாத நாடு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. காவிரிக்கு அப்பால் பவானி தன் சமுக்காளத்தால் பெயர் பெற்றது. 1925-ஆம் ஆண்டு இராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியதும் இந்த மண்ணிலேதான். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய மூன்றும் அந்த ஆசிரமத்தின் பணிகளாயின. நூல் நூற்பதும் தீண்டாமையை ஒழிப்பதும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டியவை என்று அவர் கருதியது நம் சிந்தனைக்கு உரியது. துணிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை இங்குள்ளோர் எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

திருப்பூர்த் தொழிற்கூடங்களில் வெட்டி எஞ்சும் பனியன் துணி மூட்டை மூட்டையாக நம் ஊருக்கு வந்து சேர்கிறது. ரிக் வண்டிப் பட்டறைகளிலும் லாரிப் பட்டறைகளிலும் மசகு துடைப்பதற்கு அது பயன்படுகிறது. துடைத்தபின் குப்பைக்குப் போய்விடும். அந்த ரிக் வண்டிகளோடு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காக வடமாநிலங்கள் வரை செல்லும் ஆண்கள், மாதக்கணக்கில் வண்டியின் அருகிலேயே படுத்துறங்குகின்றனர். அவர்களுக்கு ஒரு கெட்டிப் போர்வை வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நம் பங்கின் பெண்கள் சிலர் ஒரு தையற்குழுவைத் தொடங்கினர். ஞாயிறு பிற்பகலில் கோயில் வராந்தாவில் பாய் விரித்து அமர்வார்கள். தையல் தெரிந்த ஓர் அம்மையார் இளையவர்களுக்குப் பயிற்சி அளித்தார். துண்டுகளின் ஓரத்தை உள்ளே மடித்தல், அடுக்கு நழுவாமல் முதலில் எட்டத் தையல் போட்டுக்கொள்ளல், நூலை இழுத்துச் சுருக்கிவிடாமல் சீராக ஓட்டுதல் ஆகிய மூன்றையும் கற்பதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

பனியன் துணி நீண்டு கொடுக்கும்; போர்வையின் அடித்துணிக்கு அது ஆகாது. ஆகவே அன்பியங்கள்தோறும் பழைய சேலைகளைக் கேட்டுப் பெறுவது என முடிவாயிற்று. அடுத்த ஞாயிறன்று வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு மூட்டைகள் குவிந்தன. அப்போதுதான் ஒரு பெண், தாழ்ந்த குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “இதெல்லாம் யாரூட்டுச் சீலைங்க?”

எவரும் மறுமொழி கூறவில்லை. ஆனால் எல்லாருக்கும் விளங்கிற்று. மூட்டைகளுள் ஒன்று மட்டும் எவர் கையும் படாமல் சுவரோரமாகவே இருந்தது. புதுத்துணியை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். பழந்துணியோ மேலிருந்து கீழேதான் வரவேண்டும்; கீழிருந்து மேலே போகலாகாது. நம் ஊர்களில் எழுதப்படாமல் நின்று நிலவும் சட்டம் இது. திருமுழுக்குத் தொட்டியில் அனைவருக்கும் ஒரே தண்ணீர். திருப்பலியில் ஒரே அப்பம். ஆயினும் அடுத்தவள் உடுத்திய சேலை என்று வரும்போது நம் கைகள் தயங்குகின்றன.

பயிற்சி தந்த அம்மையார் நிலைமையைப் புரிந்துகொண்டார். “சின்னஞ் சின்னதா வெட்டிப் போட்டுட்டா யாரூட்டுதுன்னு ஆருக்குந் தெரியாதுங்க சாமி” என்று நம்மைப் பார்த்துச் சொல்லியபடியே கத்தரியை எடுத்தார். உள்ளங்கை அகலத் துண்டுகளாக எல்லாச் சேலைகளும் வெட்டப்பட்டுக் கலக்கப்பட்டன. சுவரோரத்து மூட்டையும் அவற்றோடு கலந்தது. அனைவர் முகத்திலும் ஒரு நிம்மதி. ஆறு வாரங்களில் முதற்போர்வை முடிந்தது. பல நிறத்துண்டுகளும் ஒன்றாகி, பார்வைக்கு அழகாகவே இருந்தது.

அந்த மூட்டையைக் கொண்டுவந்த பெண் மட்டும், எல்லாரும் சென்ற பிறகு நம்மிடம் வந்தார். “எங்கூட்டுச் சீலைன்னு தெரிஞ்சா போத்திக்க மாட்டாங்களாங்க சாமி?” என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. விடை தெரிந்தே கேட்கப்பட்ட கேள்வி அது. குருமடத்தில் ஒன்றிப்பின் இறையியலை ஆண்டுக்கணக்கில் பயின்ற நமக்கு, இதனைவிடக் கடினமான தேர்வுக் கேள்வி எதிர்ப்பட்டதில்லை. அடையாளம் தெரியாதபடி வெட்டிக் கலந்தபின் கிட்டும் ஒன்றிப்பு, ஒன்றிப்புதானா?

இக்கேள்வியோடு இருந்த நாள்களில், கர்நாடகத்துச் சித்தி மக்களின் 'கவந்தி'யைப் பற்றிப் படித்தறிந்தோம். சித்தியர், ஆப்பிரிக்காவிலிருந்து இந்திய மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவாவில் அடிமைகளாய் இருந்த பலர் தப்பியோடி, வட கர்நாடகத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் குடியேறினர். இன்று எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு பகுதிகளில் வாழ்கின்றனர். 2003-ஆம் ஆண்டு அரசு அவர்களைப் பட்டியல் பழங்குடியினராக ஏற்றது. அவர்களுள் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் உண்டு. மூன்று சமயத்துப் பெண்களும் தைக்கும் பழந்துணிப் போர்வைதான் கவந்தி.

அதனைத் தைக்கும் முறை கவனிக்கத்தக்கது. அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். முன்கூட்டிய வரைபடம் ஏதுமில்லை. நடுவில் கடைசித் துண்டை வைத்து மூடுமுன் அரிசி மணிகளை உள்ளே இடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த துண்டுகளால் முக்கோணமாக ஒரு பூ வைத்துத் தைக்கின்றனர். 'பூலா' எனப்படும் அது இல்லாவிடில் போர்வை அம்மணமாய் இருப்பதாகவே கருதுவார்களாம். ஏழையின் கந்தைக்கும் அணி வேண்டும் என்பது எத்தனை உயர்ந்த எண்ணம்! கத்தோலிக்கப் பெண்கள் சிலர் துண்டுகளாலேயே சிலுவையும் அமைக்கின்றனர். இஸ்லாமியப் பெண்கள் பிறையை அமைக்கின்றனர். 2004-ஆம் ஆண்டு, ஹென்றி டுருவால் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியரின் துணையோடு இப்பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்று தோன்றிற்று. 2011-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஷோம்பர்க் ஆய்வு மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு காலத்தில் கப்பலேற்றி விற்கப்பட்டோரின் பேத்திமார் செய்த போர்வைகள், அவ்வாறே விற்கப்பட்ட மற்றோர் இனத்தாரின் நகர்ப்பகுதியைச் சென்று சேர்ந்தன.

அந்த மற்றோர் இனத்தாரிடமும் இதே கலை உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றில் அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். கறுப்பின அடிமைகளாய்ப் பருத்தி பயிரிட்டோரின் வழியினர் அங்கே வாழ்கின்றனர். அவ்வட்டாரத்தில் வாக்காளராகப் பதிந்துகொண்ட குற்றத்திற்காகக் கறுப்பின மக்கள் பலர் குடியிருந்த வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட காலம் அது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழியே சென்ற பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் எபிஸ்கோப்பல் சபைக் குரு, ஒரு வீட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த ஒட்டுப் போர்வைகளைக் கண்டார். அதன் பயனாக 1966-ஆம் ஆண்டு, விடுதலைத் தையற்குழு என்று பொருள்படும் 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு பிறந்தது. போர்வை விற்ற பணத்தில் அப்பெண்கள் நிலம் வாங்கினர். வீடிழந்த குடும்பங்களுக்கு அதில் மனை கிடைக்கவும் வழி செய்தனர். 2012-ஆம் ஆண்டு அக்கூட்டுறவு மூடப்பட்டது. எனினும் அது ஊன்றிய குடிகள் வேரூன்றி நின்றன.

அந்த ஊர்ப் போர்வைகளுள் ஒன்றைப் பற்றிய செய்தியே நம் கேள்விக்கு விடையாக அமைந்தது. மிசூரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் இறந்தார். அவர் வயலில் உடுத்திய கால்சட்டைகளையும் மேற்சட்டைகளையும் பிரித்தெடுத்து, 1942-ஆம் ஆண்டு மனைவி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் பட்டு வெளுத்த இடங்களும், பை இருந்த இடத்துக் கருமையும் அப்போர்வையில் அப்படியே தெரிகின்றன. அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், அன்போடு போர்த்திக்கொள்ளவுமே தாய் அதைச் செய்தார் என்று மகள் பின்னாளில் கூறினார். யார் உடுத்திய துணி என்று தெரிவதுதான் அப்போர்வையின் வெதுவெதுப்பு. அந்த அடையாளம் அழிந்தால் போர்வையும் அழிந்தது.

நம் குழுவில் இச்செய்திகளைப் பகிர்ந்துகொண்டோம். இரண்டாம் போர்வையைப் பற்றிய பேச்சு வந்தபோது, துண்டுகளைப் பெரியனவாகவே வெட்டுவது என்றும், ஒவ்வொன்றையும் வைத்துத் தைக்கும்போது அது யார் வீட்டுச் சேலை என்பதைச் சொல்லியே தைப்பது என்றும் பெண்களே தீர்மானித்தனர். நம் பங்கில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதைக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. தீர்மானம் எளிதாயிற்று, வேலை எளிதாயில்லை. இருவர் வருவதை நிறுத்திக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மற்றவர் இன்றுவரை வரவில்லை. மற்றவர்கள் தைத்தனர். “இது அம்மா காடு கழனிக்குக் கட்டிட்டுப் போனதுங்க”, “இது என்ற மவ சடங்குக்கு எடுத்தது” என்று ஒவ்வொரு துண்டும் தன் கதையோடு வந்தமர்ந்தது. அடுத்தவர் வீட்டின் துயரும் மகிழ்வும் அறிந்தபின் அந்த வீட்டுத் துணியை ஒதுக்குவது அத்தனை எளிதன்று.

பிறந்த குழந்தையை ஆசீர்வதிக்கச் சென்றபோது, போர்வை அங்கே விரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு புதுத் துண்டையும் பாட்டியார் விரித்திருந்தார். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாம் செபித்து முடிப்பதற்குள் குழந்தை அந்தத் துண்டை நனைத்துவிட்டது. பாட்டியார் அதை உருவி எடுத்தார். மாற்றுத் துணி ஏதும் கையருகில் இல்லை. சற்றே தயங்கிக் குழந்தையைப் போர்வையின் மீதே கிடத்தினார். அது உடனே உறங்கிப்போயிற்று. இதனைப் பெரிய வெற்றி என்று கூற மாட்டோம். ஓர் அடுக்கு விலகிற்று என்பது மட்டும் உண்மை.

ஆண்டவர் இயேசுவின் அங்கி தையலின்றி மேலிருந்து ஒரே சீராய் நெய்யப்பட்டது என்று யோவான் நற்செய்தியாளர் குறிக்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான், திருச்சபையின் ஒன்றிப்புக்கு அந்த அங்கியையே உருவகமாகக் காட்டினார். அவ்வொன்றிப்பு மேலிருந்து வரும் கொடை. கீழே, இந்தப் பங்கில், நம் கைக்குக் கிடைத்திருப்பவையோ கிழிந்த துண்டுகளே. நாம் செய்யக்கூடியது தைப்பதுதான். தையல் தெரியத்தான் செய்யும். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயத்தின் வடுக்கள் மறையவில்லை. அவற்றைக் காட்டித்தான் அவர் சீடர்க்குத் தம்மை அறிவித்தார். வடுவே இல்லாததுபோல் நடிக்கும் சமாதானம் அவருடையதன்று.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுது, அவள் தங்களுக்குச் செய்துதந்த ஆடைகளைக் காட்டினர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவளுக்காக அவர்கள் எடுத்துக்காட்டிய சான்று முழுவதும் தையலே. அது யார் செய்த ஆடை என்பதை அவர்கள் மறக்கவில்லை. மறவாமையே அன்று செபமாயிற்று.

இந்திய ஆயர் பேரவை 2016-ஆம் ஆண்டு தலித் மக்களின் மேம்பாட்டிற்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. நல்ல ஆவணங்கள் நமக்குத் தேவை. ஆனால் ஆவணம் வராந்தாவுக்கு வந்து பாயில் அமராது. அதற்கு ஆள்கள் வேண்டும். பங்கிலுள்ள அனைவரும் சமம் என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்வது, சேலைகளைச் சிறுசிறு துண்டாக வெட்டிக் கலப்பதைப் போன்றது. அதில் நிம்மதி உண்டு, உறவு இல்லை. இன்னார் வீட்டுச் சேலை என்று தெரிந்து, பெயர் சொல்லி, அதைப் போர்த்திக்கொண்டு உறங்குவதில்தான் உறவு தொடங்குகிறது. உங்கள் அன்பியம் அடுத்த முறை கூடும்போது ஆளுக்கொரு பழஞ்சேலையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். நம் நற்கருணை ஒன்றிப்பு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதை அந்த மூட்டைகள் சொல்லும்.