வேரைத் தேடி...



"உன் சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால், நம் பள்ளியில் பல பேர் கோத்தகிரி என்போம். "அதுக்கு முன்னாடி?" என்றால் சிலோன். "அதுக்கும் முன்னாடி?" அங்கேதான் முழிப்போம்! வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது என் மரமும் அங்கேயே நின்றுவிட்டது. அதனால் அப்பாயியிடம் கேட்க ஆரம்பித்தேன்.

அப்பாயியின் தாத்தா துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பஞ்சம் பிழைக்க, கங்காணி கூடக் கடல் தாண்டிப் போனவராம். போய்ச் சேர்ந்தது அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்தில் ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. ஆனால் 1948-ல் வந்த சட்டத்தால் அங்கேயே பிறந்தவர்களுக்கும் குடியுரிமை இல்லாமல் போனது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவு செய்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். படிக்கும்போது இதெல்லாம் வெறும் எண்கள். எங்கள் வீட்டில் அது அக்காவும் தங்கச்சியும்!

ஆமாம். அப்பாயியின் அக்கா கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். அப்பாயி 1975-ல், 15 வயதில், தலைமன்னாரில் இருந்து இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்தார். பிறகு மண்டபம் முகாம். அதன் பிறகு இந்த மலை. "அங்க இருந்தப்ப எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க" என்று அப்பாயி சிரிப்பார்.

அரையாண்டு விடுமுறையில் அப்பாவும் நானும் அந்தக் கிராமத்துக்கே போனோம். கோயில் திண்ணையில் இருந்த பெரியவர், "குலசாமி யாரு?" என்றுதான் முதலில் கேட்டார். பெரியசாமி என்றோம். "சாமி சரிதான் தம்பி. ஆனா இந்த ஊர்ல இருந்து சிலோன் போன குடும்பம் ஒண்ணா ரெண்டா? யாருன்னு நான் சொல்லுவேன்?" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். அப்பாயி விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "செத்துப்போனவுகளை இம்புட்டுத் தூரம் தேடிப் போனியே சாமி, எங்க அக்காவத் தேட முடியாதா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1983 கலவரம் வரைக்கும் அக்காவிடம் இருந்து கடிதம் வந்ததாம். அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. கடைசிக் கடிதம் இன்னும் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

என் குடும்ப மரத்தில் மேலே இருக்கும் பெயர்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அப்பாயிக்குப் பக்கத்தில் மட்டும் அக்கா பெயரை எழுதி ஒரு கோடு போட்டிருக்கிறேன். அவர் இருந்தால் இப்போது 70 வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அவர்களும் எனக்குச் சொந்தம்தானே!

நண்பர்களே, உங்கள் தாத்தா பாட்டியும் அதே கப்பலில் வந்திருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அட்டன் பக்கம் சொந்தம் இருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. நேரில் காட்டுகிறேன்.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு