சத்தமில்லாத குதிரைப் படங்கள்

"சேர், சத்தமே இல்லாத அந்தப் பழைய கௌபாய் படங்கள்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

அந்தப் படங்களில் கணினி வித்தை கிடையாது. குதிரையும் புழுதியும் நிஜம். 1903இல் வந்த 'த கிரேட் ட்ரெய்ன் ரொபரி' ஏறத்தாழ 12 நிமிடப் படம்தான். அதில் ஒரு கொள்ளைக்காரன் நம் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிச் சுடுவான். இன்று பார்த்தாலும் திடுக்கிடும்.

ரசிகர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. வில்லியம் எஸ். ஹார்ட் சினிமாவுக்கு வரும்போது ஐம்பதை நெருங்கிவிட்டார். இறுகிய முகம், சாதாரண உடுப்பு, கெட்டவனாக இருந்து திருந்தும் பாத்திரம். டொம் மிக்ஸ் நேரெதிர். பளபளக்கும் உடுப்பு, பெரிய தொப்பி, டோனி என்ற குதிரை, சாகசத்துக்கு மேல் சாகசம். நான் ஹார்ட் கட்சி.

ஆனால் சேகரிப்பாளர்களை இழுப்பது வேறொன்று. அன்றைய பிலிம் நைத்திரேற்றால் ஆனது. இலகுவில் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலும் உக்கிப்போகும். பேசும் படம் வந்ததும் கம்பனிகளுக்கு இவை வீண் சுமையாகின. வெள்ளியைப் பிரித்தெடுக்கவென்றே பல சுருள்கள் அழிக்கப்பட்டன. 1937இல் நியூ ஜேர்சியில் பொக்ஸ் கம்பனியின் களஞ்சியம் எரிந்தபோது டொம் மிக்ஸின் படங்கள் பலவும் சாம்பலாகின. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப் படங்களில் 14 வீதமே முதலில் வெளியான வடிவில் எஞ்சியிருப்பதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் அறிவித்தது.

அதனால் யாரோ ஒருவர் எறியாமல் வைத்த தகரப்பெட்டியில் இருப்பது உலகின் ஒரே பிரதியாக இருக்கலாம். ஜோன் போர்டின் முதல் முழுநீளப் படமான 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' (1917) தொலைந்துவிட்டதென்றே நினைத்தார்கள். கடைசியில் அது செக்கோஸ்லோவாக்கியாவின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது.

இந்தப் படங்கள் பலவற்றில் அமெரிக்கப் பழங்குடி மக்கள் கொடியவர்களாகவே வருவார்கள். ஒரு சிறுபான்மைச் சமூகத்தவனாக அது எனக்கு உறுத்தும். ஆனால் 1910இல் 'வைட் ஃபோன்ஸ் டிவோஷன்' என்ற சிறு படமும் வந்தது. இயக்கியவர் ஜேம்ஸ் யங் டியர், பழங்குடி வழிவந்த முதல் இயக்குநராகக் கருதப்படுபவர். அதில் ஒரு பழங்குடிப் பெண்ணும் அவளது குடும்பமும்தான் கதை. அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. இதுவும் உக்கிப் போயிருந்தால், அந்த மக்களைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதை மட்டும்தான் நமக்குக் கிடைத்திருக்கும்.

பழைய சுருள்களைத் தேடித் திரிபவர்களைப் பைத்தியக்காரர் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் மீது பெரிய மரியாதை.