பேஸ்மென்ட்டில் ஒரு மஞ்சள் விமானம்

டைகர் மோத் என்ற விமானத்தை உங்களில் பலர் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, மரச்சட்டம், மேலே இழுத்து ஒட்டிய துணி. 1931இல் இங்கிலாந்தில் முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போர் நேரம் இங்கே ரொறன்ரோவில், டவுன்ஸ்வியூவில், ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். கனடாக் குளிருக்காக மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே ஹீட்டர். பழகுகிற பெடியள் ஓட்டுவது என்று தூரத்திலேயே தெரிய வேண்டும், அதனால் மஞ்சள் நிறம். அந்தப் பக்கம் எத்தனை கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறோம், ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

அதைத்தான் நாலில் ஒன்று அளவில் நானும் மகளும் இரண்டு வின்டராகக் கட்டுகிறோம். நிஜ இறக்கை 29 அடி 4 அங்குலம். எங்களுடையது 7 அடி 4 அங்குலம். கழற்றினால்தான் வானுக்குள் ஏறும்.

ஏன் இவ்வளவு பெரிசு என்று மனைவி கேட்காத நாளில்லை. சின்ன மாடல்கள் காற்றில் கொசு மாதிரித் துடிக்கும். பெரியது ஆறுதலாகத் திரும்பும், நிஜம் போலவே மிதந்து இறங்கும். ஆனால் எடையில் கவனம் வேண்டும். நீளம் நாலில் ஒன்றானால் எடை 64இல் ஒன்றாக வேண்டும். நிஜ டைகர் மோத் ஆளோடு, பெற்றோலோடு ஏறக்குறைய 830 கிலோ. ஆக எங்களுக்குக் கிடைப்பது 13 கிலோ. மகள் எட்டாம் வகுப்புக் கணக்கை இதில்தான் விளங்கிக்கொண்டாள். பசையைக்கூட இப்போது தராசில் வைக்கிறாள்.

பால்சா மரத்தைத் தேய்க்கிற வேலை என் அப்பாவுக்கு. ஊரில் தச்சு வேலை தெரிந்தவர். "மட்டம் பார் பிள்ளை", "வாட்டமாய்ச் சீவு" என்று அவர் சொல்ல, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத தமிழ் அவளுக்குக் கிடைக்கிறது. ஆனால் மஞ்சள் துணி ஒட்டி முழு உருவம் வந்த அன்று அவர் தள்ளி நின்றார்.

"உது ட்ரெயினிங் பிளேன்தானே? சியாமாசெட்டியும் உப்பிடித்தான் சின்னன். அதாலதான் எங்களுக்குக் குண்டு போட்டவங்கள்."

எங்கள் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். பழகுவதற்கென்று செய்த இத்தாலிய விமானம் அது. 1991இல் நாங்கள் வெளிக்கிடும்போது எனக்கு நாலு வயது, பங்கர் ஒன்றும் ஞாபகமில்லை. அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம். இன்றைக்கும் எயார் ஷோ நாளில் அவர் ஜன்னலைப் பூட்டிவிட்டு டீவியைச் சத்தமாக வைப்பார்.

மகள் சும்மா விடவில்லை. "அப்பப்பா, மேல் இறக்கை ஏன் முன்னுக்குத் தள்ளி இருக்கு தெரியுமா?" டைகர் மோத்தில் படிப்பிக்கிறவர் முன்னுக்கு, பழகுகிறவர் பின்னுக்கு. முன்னால் இருப்பவர் பரசூட்டோடு வெளியே குதிக்க இறக்கை தடையாக இருந்தது. அதனால் அதை முன்னே நகர்த்தி, பாரம் சரிவர நுனிகளைப் பின்பக்கம் சாய்த்தார்கள். அப்பா கிட்ட வந்து அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். "ஆள் தப்பத்தானே? அப்ப சரி" என்றார்.

மிச்சம் இருந்தது எஞ்சின். பெற்றோல் எஞ்சின் போட்டால்தான் அந்தப் பழைய படபடச் சத்தம் வரும், கிளப்பில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் எலெக்ட்ரிக் மோட்டர் போட்டேன். இந்த விமானத்துக்கு மூக்குக் கட்டை. பெற்றோல் எஞ்சின் போட்டாலும் முன்பக்கப் பாரம் காணாமல் ஈயம் வைக்க வேண்டி வரும், பற்றரி அந்த வேலையைச் செய்துவிடும். கிளப்பில் சொன்ன காரணம் அது. மகளுக்கு மற்றக் காரணத்தைச் சொன்னேன். சத்தமில்லாத டைகர் மோத் ஒரு டைகர் மோத்தா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

மே மாதம் பறக்க விடுகிறோம். முதல் தரம் என்பதால் கிளப்பில் அனுபவமுள்ள ஒருவர் ரிமோட்டைப் பிடிப்பார். அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அங்கே கதிரை இருக்குமா என்று மட்டும் நேற்றுக் கேட்டார்.